ராத்திரி கபடிக்கு 85எம்எம் லென்ஸ்: ஒரு சீசன் முழுக்க அடிச்சுப் பாத்துட்டு எழுதுறேன்

எங்க பக்கம் பொங்கல் முடிஞ்சா சித்திரை வரைக்கும் எங்கயாவது ஒரு ஊர்ல மின்னொளி கபடி நடந்துக்கிட்டே இருக்கும். போஸ்டர்ல மாலை ஆறு மணின்னு போட்டிருப்பாங்க, முதல் மேட்சுக்கு விசில் ஊத ஒன்பது ஆயிரும், பொண்ணுங்க மேட்ச் எப்ப வரும்னு கமிட்டிக்காரங்களுக்கே தெரியாது. எம்பொண்ணு பத்தாவது படிக்கிறா, டீம்ல ரைடர், அதாவது எதிரணி பக்கம் பாடிட்டுப் போறவ. 2025ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல கண்ணகி நகர் கார்த்திகா டீமோட தங்கம் அடிச்சிட்டு வந்ததுல இருந்து இவளுக்கு கால் தரையில நிக்கல. நமக்கு வேலை என்னன்னா வண்டியில கூட்டிட்டுப் போறது, தண்ணி பாட்டில் தூக்குறது, அப்புறம் படம் எடுக்குறது.

கையில இருந்தது கேனான் 1500டி, கூடவே வந்த 55-250 ஜூம். பகல்ல அந்த லென்ஸ குறை சொல்ல மாட்டேன். ராத்திரியில சவுக்குக் கம்புல நாலு எல்இடி லைட்ட கட்டி ஜெனரேட்டர்ல ஓட்டுற கிரவுண்டுல அது செத்துப் போச்சு. 250ல இழுத்தா லென்ஸ் வாய் எஃப் 5.6க்கு மேல திறக்காது (எஃப் நம்பர் குறையக் குறையத்தான் வெளிச்சம் கூட வரும்), கேமராவோட வெளிச்ச உணர்வு ஐஎஸ்ஓவ 6400ல வச்சும் ஷட்டர் ஸ்பீடு நொடியில 1/250 பங்க தாண்டல. அந்த ஸ்பீடுல ஓரமா நிக்கிற நடுவர் பளிச்சுன்னு இருப்பாரு, பாடிட்டு போற புள்ளைக்கு கையும் இல்ல காலும் இல்ல, புகை மாதிரி ஒரு உருவம். "அப்பா, எல்லா போட்டோலயும் நான் பேய் மாதிரியே இருக்கேன்"னு சொல்லிட்டா. ஐஎஸ்ஓவ 12800க்கு ஏத்திப் பாத்தேன், மூஞ்சில ரவைய கொட்டுன மாதிரி வந்துச்சு. ஒரு தடவ ஃப்ளாஷும் போட்டேன், ரைடு போற புள்ள கண்ணுல அடிச்சிருச்சு, "கேமரா வச்சிருக்க அண்ணே, அந்த லைட்ட கொஞ்சம் அமத்துங்க"ன்னு மைக்லயே சொல்லிட்டாங்க, ஊரே திரும்பிப் பாத்துச்சு. அதோட ஃப்ளாஷ் பைக்குள்ள போனது தான்.

அடுத்து ஒரு நாள் வாடகைக்கு 70-200 எஃப் 2.8 எடுத்தேன், கல்யாணத்துக்கு எல்லாரும் தூக்கிட்டு வர்ற அந்த வெள்ளை லென்ஸ், ஐஎஸ் 2. சும்மா சொல்லக்கூடாது, ராஜா தான். 5.6ல இருந்து 2.8க்கு வந்தாலே நாலு மடங்கு வெளிச்சம், அதே லைட்டுல 1/500, ஐஎஸ்ஓ 3200ன்னு இறங்கிருச்சு. ஆனா கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ, ராத்திரி ரெண்டு மணிக்கு செமி ஃபைனல் வர்றப்ப தோள்பட்ட கழண்டுரும். விலையக் கேட்டா வீட்டுல சோறு கிடைக்காது. அதுல இருக்குற ஐஎஸ் நம்ம கை நடுங்குறதத்தான் பிடிக்கும், ஓடுற புள்ளைய நிறுத்தாது. இத நாலஞ்சு பேரு கடையில போய் ஏமாந்து வந்ததப் பாத்துட்டேன், "ஐஎஸ் இருக்கு சார், நைட்டுக்கு சூப்பர்"னு சொல்லி எஃப் 5.6 ஜூம தள்ளி விட்டுடுறாங்க.

அப்பத்தான் யோசிச்சேன், கபடி கோர்ட் அப்படி என்ன பெருசு? ஆம்பளைங்களுக்கே 13க்கு 10 மீட்டர், பொண்ணுங்களுக்கு 12க்கு 8. கடைசிக் கோட்டுக்கு ரெண்டு மீட்டர் தள்ளி உக்காந்தா நடுக்கோடு எட்டு மீட்டர்ல இருக்கு. இதுக்கு எதுக்கு 200 வரைக்கும் ஜூம், எனக்கு வேண்டியது வெளிச்சம். அப்படித்தான் கேனான் ஈஎஃப் 85எம்எம் எஃப் 1.8 யூஎஸ்எம்ல வந்து நின்னேன். 1992ல வந்த லென்ஸ், என் கேமராவோட சின்ன சென்சார்ல 136எம்எம் மாதிரி கிட்ட இழுத்துக் காட்டும், எடை 425 கிராம். பழசு தான் வாங்குனேன்.

முதல்ல பேசி முடிச்ச பீஸ் ஃபங்கஸ், உள்ள பூஞ்சை பிடிச்சது. ஆன்லைன்ல போட்டிருந்த படத்துல கண்ணாடி மாதிரி இருந்துச்சு, வீட்டுக்கு கொண்டு வந்து பின்பக்கம் வழியா மொபைல் டார்ச்ச அடிச்சா உள்ள சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கு. வித்தவர்கிட்ட மூணு நாள் சண்ட போட்டுத்தான் காசு திரும்ப வந்துச்சு. பழசு வாங்குறவங்க டார்ச் அடிக்காம பத்து ரூபா கூட கொடுக்காதீங்க.

ரெண்டாவது கிடைச்சது நல்ல பீஸ். இப்ப விஷயத்துக்கு வர்றேன். அதே மாதிரி லைட்டு, எஃப் 2ல வச்சு 1/1000, ஐஎஸ்ஓ 3200. இல்லன்னா 1/640ல வச்சு ஐஎஸ்ஓ 2000. முதல் நாள் பின்னாடி ஸ்கிரீன்ல பாத்தப்ப ரைடு போற புள்ள கால்ல இருந்து தெறிக்கிற மண்ணு தனித்தனி பொடியா தெரியுது. ஃபோகஸ் மோட்டார் சத்தமே இல்லாம பட்டுன்னு பிடிக்குது. 1500டில ஒன்பது ஃபோகஸ் பாயிண்ட் தான், அதுல நடுப் பாயிண்ட் ஒண்ணுதான் நம்பிக்கையானது, அத மட்டும் வச்சுக்கிட்டு ஓடுறவங்கள விடாம ஃபோகஸ் பிடிக்கிற ஏஐ சர்வோல போட்டு, ஃபோகஸ பின்னாடி இருக்குற ஸ்டார் பட்டனுக்கு மாத்திட்டேன். பழக ரெண்டு மேட்ச் ஆகும், அப்புறம் விட மாட்டீங்க.

எங்க உக்காரணும்னு கேட்டா, எல்லாரும் எதிரணி பக்கம் போய் உக்காருவாங்க, ரைடர் மூஞ்சி தெரியும்னு. நான் நம்ம டீம் பக்கம், கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி மூலையில உக்காருறேன். ஏன்னா தொட்டுட்டுத் திரும்புறப்ப தான் படமே இருக்கு, இடுப்புல ரெண்டு பேரு, கணுக்கால்ல ஒருத்தி தொங்குறப்ப இவ நடுக்கோட்ட நோக்கி பாயுவா, கை நீண்டு நம்மளப் பாத்து வரும், வாயில இன்னும் கபடி கபடி ஓடிக்கிட்டிருக்கும். மூலைன்னு சொன்னது எதுக்குன்னா நடுவுல உக்காந்தா நம்ம புள்ளைங்க முதுகே மறைச்சுரும். ஆஃப் டைம்ல சைடு மாறுறப்ப நாமளும் பையத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் ஓடணும், டீக்கார அண்ணன் சேர மட்டும் பாத்துக்குவாரு.

இதுலயும் ஒரு சிக்கல். எட்டு மீட்டர் தூரத்துல எஃப் 2ல தெளிவா இருக்குறது முன்ன பின்ன மொத்தம் ரெண்டடி தான். மூஞ்சில ஃபோகஸ் பிடிச்சா நீட்டுன விரல் லேசா கலங்கிரும், விரல்ல பிடிச்சா மூஞ்சி போச்சு. நான் மூஞ்சிக்கே விட்டுட்டேன். எஃப் 1.8லயே வச்சா கொஞ்சம் மொழுமொழுன்னு இருக்கு, அதோட எல்இடி லைட்டும் வெள்ளை ஜெர்சியும் சேர்ற ஓரத்துல ஊதாக் கலர் கோடு விழுது, எஃப் 2.2க்கு போனா குறையுது.

இன்னொன்னு, எதிரணி ரைடர் நம்ம பக்கம் வந்துட்டா இந்த லென்ஸ் ரொம்ப டைட். ஆறு மீட்டர்ல குறுக்கா ஒன்றரை மீட்டர் அகலம் தான் ஃப்ரேம்ல விழும், அஞ்சு பேரு சேர்ந்து அமுக்குற பிடிய எடுத்தா அதுல ரெண்டு தலையும் ஒரு முழங்காலும் தான் இருக்கும். அதுக்கு 50எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் பையில கிடக்குது, 160 கிராம், விலையும் கம்மி. சொல்லப்போனா பட்ஜெட் ரொம்ப இடிக்குதுன்னா முதல்ல அந்த 50ஐ வாங்கி அடிச்சுப் பாருங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிரும். மண்ணு புகாம இருக்க சீல் எதுவும் 85ல இல்ல, ஹூடும் தனியாத்தான் வாங்கணும்.

வரிசையா அடிச்ச மூணு படத்துல ஒண்ணு வெளிச்சமா, ஒண்ணு இருட்டா, ஒண்ணு பழுப்பா வந்தா லென்ஸ திட்டாதீங்க, நானும் ஒரு வாரம் திட்டுனேன். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால இந்த மாதிரி லைட்டுங்க நொடிக்கு 100 தடவ மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, 1/1000ல எடுக்குற கேமராவுக்குத் தெரியும். 80டி மாதிரி கேமரா பாடில ஆன்ட்டி ஃப்ளிக்கர்னு ஒரு செட்டிங் இருக்கு, 1500டில கிடையாது. நான் ரா ஃபைலா (கேமரா பாத்தத அப்படியே சேமிக்கிறது) எடுத்து வீட்டுல சரி பண்ணிக்கிறேன், பத்துக்கு மூணு தேறுனா போதும்.

நிக்கான்காரங்க 85 எஃப் 1.8 ஜி பாக்கலாம், ஆனா விலை கம்மியா இருக்குதேன்னு உள்ள மோட்டார் இல்லாத பழைய டி லென்ஸ வாங்கி டி3500, டி5600 மாதிரி பாடில மாட்டிராதீங்க, பாடிலயும் ஃபோகஸ் மோட்டார் இல்ல, கையால தான் ஃபோகஸ் திருப்பணும். கேனான் மிரர்லெஸ்ஸுக்கு மாறுறவங்களுக்கு இந்த ஈஎஃப் 85 அடாப்டர் போட்டா அப்படியே ஓடும்.

அடுத்த மாசம் பக்கத்து ஊர்ல மின்னொளி வாலிபால், தம்பி மகன் ஆடுறான், படம் எடுத்தே ஆகணும்னு இப்பவே ஃபோன். அந்த கோர்ட் 18 மீட்டர் நீளம், அந்தக் கோடியில செர்வ் போடுறவன 85ல பிடிச்சா எறும்பு மாதிரி தெரிவான். அன்னைக்கு மட்டும் மறுபடி அந்த வெள்ளைய வாடகைக்கு எடுக்கணும், தோள்பட்டைக்கு தைலமும்.