வரையாடும் நெப்ரோடென்சிஸ் காளானும்: வகைப்பாடு, அழிவுநிலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் வரையாட்டையும், சிசிலித் தீவின் புளூரோட்டஸ் நெப்ரோடென்சிஸ் காளானையும் அருகருகே வைத்தால் காளானின் நிலைதான் மோசம். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை வகைப்படுத்தும் ஐ.யு.சி.என். அமைப்பின் சிவப்புப் பட்டியலில் வரையாடு ‘அருகிய இனம்’. காளானோ 2006 முதல் ‘மிக அருகிய இனம்’.

வரையாடு இரட்டைக் குளம்புள்ள பாலூட்டி, போவிடே குடும்பம். காளான் பசிடியோமைக்கோட்டா தொகுதி, அகாரிக்கேல்ஸ் வரிசை. சிப்பிக்காளானின் அதே பேரினம். பூஞ்சைகளைத் தாவரங்களோடு சேர்ப்பது பழைய வழக்கம். மரபணுப்படி அவை விலங்குகளுக்கே நெருக்கம்.

பெயர்க் குழப்பம் இரண்டுக்குமே உண்டு. இமயமலைத் தார் என்ற காட்டாட்டோடு ஹெமிட்ராகஸ் பேரினத்தில் இருந்த வரையாடு, செம்மறியாட்டுக்கே நெருக்கம் என்று 2005-இல் டிஎன்ஏ ஆய்வு காட்டியது. இன்று நீல்கிரிட்ராகஸ் பேரினத்தில் அது ஒன்றுதான். காளானின் குழப்பம் ஆபத்தானது. சீனாவில் வளர்க்கும் பைலிங் காளான் பல காலம் நெப்ரோடென்சிஸ் என்றே விற்கப்பட்டது. அது வேறு காளான். பெயரை நம்பி, ‘இதுதான் ஏராளமாகக் கிடைக்கிறதே’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எண்ணுவதில்தான் பெரிய வேறுபாடு. சரிந்துவரும் ஓர் இனத்தில் முதிர்ந்த உயிரிகள் 2,500-க்குக் கீழே போனால், மற்ற நிபந்தனைகளும் பொருந்தும்போது, அது அருகிய இனம். 250-க்குக் கீழே என்றால் மிக அருகிய இனம். தமிழ்நாட்டின் 2025 கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகள் தென்பட்டன. அதில் குட்டிகளைக் கழித்தே முதிர்ந்தவற்றைக் கணக்கிட வேண்டும். காளான் வாழும் சிசிலியின் மடோனி மலையில் 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில், ஆண்டுக்கு 250-க்கும் குறைவான காளான்களே முதிர்கின்றன. ஆனால் கண்ணில் படும் குடை வெறும் கனியுறுப்பு, அதாவது வித்தைப் பரப்பும் பகுதி. உடல் மண்ணுக்குள் ஓடும் இழை. ஒரே இழைத்தொகுதியிலிருந்து பல குடைகள் கிளம்பலாம். மழை பொய்த்தால் ஒன்றும் கிளம்பாது, இழை உயிரோடுதான் இருக்கும். எனவே ஒரே ஆண்டின் குடைகளை எண்ணி இனத்தொகை சொல்வது பிழை. அதே இடங்களைப் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும்.

வரையாட்டின் புல்வெளியைச் சீகை (வாட்டில்), பைன், தைல மரங்கள் விழுங்கின. மந்தைகள் ஒன்றோடொன்று கலக்க வழியில்லை. சீகையை வெட்டினால் மட்டும் போதாது. விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடிருப்பதால், முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்க வேண்டும். காளானுக்கு எதிரி பறிப்பு. குடையை எடுப்பதால் இழை சாகாது. வித்து பரவும் முன் எடுப்பதுதான் கேடு. அதனால் மடோனி பூங்காவின் மையப் பகுதியில் பறிக்கவே தடை. மற்ற இடங்களில் 3 செ.மீ.க்குக் குறைந்த குடையைத் தொடக் கூடாது.