நடைபாதைக் கடைக்கு உரிமம்: நியூயார்க், சிங்கப்பூர், சென்னை

நடைபாதைக் கடைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "சிங்கப்பூர் மாதிரி எல்லாரையும் ஒரு கட்டடத்துக்குள் கொண்டுபோய் வையுங்கள்" என்று ஒருவர் சொல்வார். "இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று நிறுத்தினால் போதும்" என்பார் இன்னொருவர். இரண்டையும் செய்து பார்த்த ஊர்கள் இருக்கின்றன. அவற்றோடு நம் நாட்டின் 2014 தெரு வியாபாரிகள் சட்டத்தை வைத்துப் பார்த்தால், எழுத்தில் நம்முடையதே மேல் என்பேன். நடைமுறையில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

எண்ணிக்கையை நிறுத்திய ஊர் நியூயார்க். உணவு அல்லாத பொருள் விற்பவர்களுக்கான உரிமத்தை 1979இல் 853 என்று முடக்கினார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் விலக்கு. 1983இல் உணவு வண்டிகளுக்கும் வரம்பு வந்தது. பிழைக்க வருபவர்கள் கூடினார்கள், அனுமதிச் சீட்டு கூடவில்லை. இரண்டு ஆண்டுக்கு 200 டாலர் கட்டி வாங்கிய சீட்டு, கள்ளச்சந்தையில் 20,000 டாலருக்கும் மேல் வாடகைக்குப் போனது. பனியில் நின்று விற்பவர் ஒருவர், சீட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காசு பார்ப்பவர் வேறொருவர். 2021இல்தான் ஆண்டுக்கு 445 புதிய உரிமம் வீதம் பத்து ஆண்டுகளுக்குத் தரச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த உரிமம் பெற்றவர் வியாபார நேரத்தில் வண்டியில் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1960களின் கடைசியில் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்து, 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டிக்கட்டி அவர்களைக் குடியேற்றியது. தண்ணீர், வடிகால், கூரை எல்லாம் கிடைத்தன. 2020இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்தப் பண்பாடு இடம்பெற்றது. அங்கே லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அந்த வேலைக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது, நிலம் அரசின் கையில் இருந்தது. புதிதாக வருபவர் ஏலத்தில் கேட்டுத்தான் கடை எடுக்க வேண்டும். 2024இல் மரீன் பரேடில் ஒரு கடை மாதம் 10,158 சிங்கப்பூர் டாலர் வாடகைக்குப் போனது. கையில் கொஞ்சம் காசோடு நாளைக்கே தொழில் தொடங்க நினைப்பவருக்கு அங்கே வழி குறைவு.

சென்னையிலும் இதைச் செய்து பார்த்தார்கள். பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை 2013இல் மாநகராட்சி வளாகத்துக்குள் மாற்றினார்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்றார்கள் கடைக்காரர்கள். அது புரிகிறது. போகிற போக்கில் கிளிப்பும் கைக்குட்டையும் வாங்குகிறவர், அதற்காக மாடி ஏறமாட்டார்.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம். தெருவில் விற்பது தொழில் செய்யும் அடிப்படை உரிமைக்குள் வரும், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் வர இன்னும் 25 ஆண்டு ஆனது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்ற விதி. நியூயார்க்கில் வரம்புதான் முதலில் வந்தது. இங்கே முதலில் ஆட்களை எண்ண வேண்டும். இங்கும் வரம்பு உண்டு, மக்கள்தொகையில் 2.5 சதவீதம். ஆனால் அது ஊரோடு சேர்ந்து வளரும். சான்றிதழை வாடகைக்கு விட முடியாது. தானோ குடும்பத்தாரோதான் விற்க வேண்டும். வியாபாரி இறந்துவிட்டால் மனைவிக்கோ கணவருக்கோ, அவரை நம்பியிருந்த பிள்ளைக்கோ அது போகும். தள்ளுவண்டிக்காரர், தலைச்சுமையாகத் தெருத்தெருவாக விற்பவர் எல்லாரும் இதில் வருகிறார்கள். சிங்கப்பூர் முறையில் அலைந்து விற்பவருக்கு இவ்வளவு இடமில்லை.

இடத்தை முடிவுசெய்வதில் பங்கு வகிக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஆனால் தலைவர் மாநகராட்சி ஆணையர்தான். குழு கூடாவிட்டால், கணக்கெடுப்பு இழுத்துக்கொண்டே போனால், சான்றிதழ் வராது. சான்றிதழ் இல்லாதவரிடம் மாமூல் கேட்பது எளிது. என் கோபமெல்லாம் இங்கேதான். உரிமம் தர வேண்டியவர்கள் தாமதித்தால், அந்தத் தாமதத்துக்கான விலையைப் பூ விற்கிற அம்மா தினமும் கொடுக்கிறார்.

சட்டத்தில் இருந்தும் பலருக்குத் தெரியாத ஒன்று: பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, கையெழுத்திட்ட நகல் தர வேண்டும். கட்டணத்தைக் கட்டி உரிமை கோரினால் காய், பழம், பூ மாதிரி அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். வண்டியைத் தூக்க வரும்போது முதலில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.