52 நாள் வாட்டில் துணைக்கு இருந்த சுடுதண்ணிப் போத்தல்

தேயிலை மலையில் கானில் (வடிகாலில்) வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. நுவரெலியா ஆஸ்பத்திரியில், காலில் பாரம் கட்டி 52 நாள் படுக்கை. இரண்டாம் நாளே அக்கா வாங்கிவந்தது இந்த ஒரு லீட்டர் சுடுதண்ணிப் போத்தல் (பிளாஸ்க்).

விடியற்காலை 4 மணிக்கு மிஸ்ஸி (தாதி) பிரஷர் பார்க்க எழுப்பிவிட்டுப் போனால் அப்புறம் தூக்கம் ஏது? ஜன்னலெல்லாம் பனி. முதல்நாள் மாலை 5 மணிக்குப் பார்க்க வந்தவர்கள் ஊற்றிவைத்த இஞ்சிப் பிளேன்டீ அப்போதும் சூடாக இருக்கும். நாக்கைச் சுடாது, தொண்டைக்கு இதம். இவ்வளவு உயரத்தில் தண்ணீரே சுமார் 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடுகிறது. அதிலிருந்து 11 மணித்தியாலம் தாக்குப்பிடிப்பது பெரிய விஷயம்தான்.

மூடிதான் மோசம். மல்லாந்து படுத்தபடி ஒரு கையால் திறக்கவே முடியாது. பக்கத்துக் கட்டில் தாத்தாதான் திறந்து தருவார். கூலி அரைக் கோப்பை. மூன்றாம் வாரமே ரப்பர் வளையம் இளகிவிட்டது, இஞ்சி வாசனையும் போகவில்லை. பால் தேத்தண்ணி மட்டும் ஊற்றாதீர்கள், விடிவதற்குள் கெட்டுவிடும்.

இப்போது அம்மா கொழுந்து பறிக்கப் போகையில் அதைத்தான் கொண்டுபோகிறார். வளையம் மட்டும் புதிது.