வாசலில் மறிக்கும் சிங்கப்பூர், கடைக்காரரிடம் பேசும் பிரிட்டன்: சூதாட்டச் சட்டங்கள் ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் கசினோ வாசலுக்குப் போனால் இரண்டு வழிகளைப் பார்க்கலாம். ஒன்று குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். அவர்கள் 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுத் தீர்வை கட்ட வேண்டும், அதுவும் 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஆண்டு முழுக்க என்றால் 3,000 வெள்ளி. மற்ற வழி வெளிநாட்டவருக்கு. அடையாள ஆவணத்தைக் காட்டிவிட்டு இலவசமாக உள்ளே போகலாம்.

பிரிட்டனில் பந்தயக் கடை என்பது கடைத்தெருவில் முடிவெட்டும் கடைக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கடை. 18 வயது ஆனவர் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். 1961 மே மாதத்திலிருந்து இப்படித்தான். அங்கே அரசு ஆடுபவரை வாசலில் மறிப்பதில்லை. கடை நடத்துபவருக்கு உரிமம் கொடுத்து, அதில் நிபந்தனைகள் போடுகிறது.

இரண்டுமே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிய நாடுகள். இரண்டில் எது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

சிங்கப்பூர் கதையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2005 ஏப்ரலில் பிரதமர் லீ சியன் லூங் கசினோக்களை அனுமதிக்கும் முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது எதிர்ப்பு பலமாகவே இருந்தது. அதனால்தான் செந்தோசாவிலும் மரினா பேயிலும் 2010இல் கசினோக்கள் திறக்கும் முன்பே வேலிகள் தயாராக இருந்தன. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு அனுமதி இல்லை. ஆட்டக்கூடத்துக்குள் ஏடிஎம் இல்லை. முதலில் 100 வெள்ளியாக இருந்த தீர்வை 2019 ஏப்ரலில் 150 ஆனது. தீர்வை கட்டியவர் அந்தப் பணத்தையாவது எடுத்துவிட வேண்டும் என்று இன்னும் அதிக நேரம் உட்காருவார் என்று ஒரு விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் போகலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்பவரை 150 வெள்ளி திருப்பி அனுப்பும்.

தீர்வையைவிட நான் பெரிதாக மதிப்பது குடும்பத் தடை உத்தரவை. மனைவியோ, பெற்றோரோ, பிள்ளையோ, உடன்பிறந்தவரோ தேசியச் சூதாட்டப் பிரச்சினை மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். ஒரு குழு இரு தரப்பையும் கேட்டு முடிவெடுக்கும். உத்தரவு வந்துவிட்டால் வாசலில் அடையாள அட்டையைச் சோதிக்கும்போதே தெரிந்துவிடும், உள்ளே விடமாட்டார்கள். கடனில் நொடித்துப்போனவர்களுக்கும், அரசின் நிதி உதவியில் வாழ்பவர்களுக்கும் யாரும் கேட்காமலேயே தடை உண்டு. வீட்டில் ஒருவர் சூதாட்டத்தில் மாட்டிக்கொண்டால் அதை அவர் கடைசியாகத்தான் ஒத்துக்கொள்வார். தாலிக்கொடி அடகுக்குப் போன அன்றே மனைவிக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர் கையில் சட்டம் ஒரு பூட்டைக் கொடுத்திருக்கிறது.

பிரிட்டனில் அந்தப் பூட்டு ஆடுபவர் கையில் மட்டுமே. கேம்ஸ்டாப் என்ற பொதுப் பதிவில் ஒருவர் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டால், பிரிட்டன் உரிமம் பெற்ற எல்லா இணையத்தளங்களும் 6 மாதமோ, ஓராண்டோ, 5 ஆண்டோ அவரை ஒதுக்கிவைக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அவருக்காக அவருடைய அம்மா பதிய முடியாது.

பிரிட்டனின் உண்மையான சறுக்கல் வேறு இடத்தில் நடந்தது. பந்தயக் கடைகளில் ரூலெட், அதாவது சுழலும் சக்கரத்தில் எந்த எண் விழும் என்று காசு கட்டும் ஆட்டம், ஆடும் மின்னணு இயந்திரங்கள் இருந்தன. கடைக்கு நான்கு வரை வைக்கலாம். 20 நொடிக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு 100 பவுண்டு வரை கட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிடத்தில் 300 பவுண்டு. தேநீர் ஆறுவதற்குள் ஒரு வாரச் சம்பளம் போய்விடும். வரம்பை 2 பவுண்டாகக் குறைக்க அரசு முடிவெடுத்த பிறகும் நடைமுறைப்படுத்துவது தள்ளிப்போனது. அதைக் கண்டித்து 2018 நவம்பரில் துறை அமைச்சர் டிரேசி குரவுச் பதவி விலகினார். கடைசியில் 2019 ஏப்ரல் 1 முதல் 2 பவுண்டு அமலுக்கு வந்தது.

சரி, கடையில் 2 பவுண்டு. கைப்பேசியில்? இணைய ஸ்லாட் ஆட்டங்களுக்கு, அதாவது திரையில் சுழலும் படங்கள் ஒத்துவந்தால் காசு தரும் ஆட்டங்களுக்கு, அப்போது சட்டப்படி எந்த உச்சவரம்பும் இல்லாமல் இருந்தது. 5 பவுண்டு என்ற வரம்பு 2025 ஏப்ரலில்தான் வந்தது. 18 முதல் 24 வயதினருக்கு 2 பவுண்டு, அதுவும் மே மாதத்தில். நாலு பேர் பார்க்கும் கடையில் தடுத்ததை, படுக்கையறையில் விளக்கை அணைத்துவிட்டு ஆட ஆறு ஆண்டுகள் விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த ஆறு ஆண்டு இடைவெளியை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நடுவில் 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவதைத் தடுத்தார்கள், அதற்கு ஒரு பாராட்டு.

இணையத்தில் சிங்கப்பூர் நேர் எதிர். 2014இல் சட்டம் போட்டு எல்லாவற்றையும் அடைத்தார்கள். 2016இல் லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸ், குதிரைப் பந்தயம் நடத்திய டர்ஃப் கிளப் இரண்டுக்கு மட்டும் விலக்கு. லாட்டரி, விளையாட்டு, குதிரைப் பந்தயம் உண்டு. இணையத்தில் ரூலெட், ஸ்லாட், போக்கர் கிடையாது. கணக்குத் தொடங்கும்போதே எவ்வளவு பணம் போடுவேன் என்று வரம்பு வைக்க வேண்டும். குடும்பத் தடை இந்தக் கணக்குக்கும் செல்லும். 2022 சட்டத்தில், சீனப் புத்தாண்டுக்கு வீட்டில் உறவினர்கள் கூடி மாஜோங் என்ற சீனக் கட்டை ஆட்டம் ஆடுவது போன்றவற்றுக்கு விலக்கு தந்தார்கள். அதே கூட்டம் காசு வைத்து இணையத்தில் ஆடினால் விலக்கு இல்லை. சட்டவிரோதத் தளத்தில் ஆடி மாட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை. இவ்வளவுக்குப் பிறகும் திருட்டுத் தளங்களுக்குப் போகிறவர்கள் போகிறார்கள். அங்கே போனவருக்கு எந்த வரம்பும் இல்லை, புகார் சொல்ல ஆளும் இல்லை. உரிமம் உள்ள தளங்கள் ஏராளமாக இருப்பதால் ஆட்டக்காரர் சட்டத்தின் கண்ணுக்குள்ளேயே இருப்பார் என்று பிரிட்டன் தரப்பு வாதிடும். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது.

இந்தியா மூன்றாவது வழியில் போயிருக்கிறது. காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நிறைவேறியது. கோவாவில் கசினோ கப்பல்கள் அப்படியே நிற்கின்றன.

என்னைக் கேட்டால் சிங்கப்பூர் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அங்கே இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, ஃபோர்டி (4D) என்ற நான்கு இலக்க லாட்டரி விற்கும் கடை. விபத்தில் சிக்கிய காரின் நம்பரைக் கட்டுவதற்கு வரிசையில் நிற்பவருக்கு 18 வயது போதும், தீர்வையும் கிடையாது. மற்றொன்று அந்த இலவச வழி. சுற்றுப்பயணிக்காகத் திறந்த வழிதான், ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் வந்த கட்டுமான ஊழியரும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 150 வெள்ளி என்ற தடுப்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அது இல்லை. பிரிட்டன் இந்தப் பாகுபாடு பார்ப்பதில்லை, கடையில் 2 பவுண்டு என்றால் எல்லோருக்கும் 2 பவுண்டுதான்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் அந்த இலவச வழியில் கசினோவுக்குப் போய் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "ஃப்ரீதானேண்ணே, ஏசியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரலாம்னு போனேன்" என்றார். வெளிநாட்டு ஊழியரும் தன்னைத்தானே விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் காப்பிக்கடை மேசையில் உட்கார்ந்து அவர் போனிலேயே நிரப்பினோம். அனுப்பும் பட்டனை அழுத்தும் முன் நிறுத்திவிட்டு, "ஊர்ல அம்மாவுக்கு லெட்டர் ஏதும் போகுமாண்ணே?" என்று கேட்டார். போகாது என்றேன். அழுத்தினார்.