ஒய்இசட் 125 டாப் எண்ட்: பிளேட்டிங்கா, ஸ்லீவா, புது சிலிண்டரா?

ஆர்எக்ஸ் 100 பிரித்துப் பழகிய கைகளுக்கு டூ ஸ்ட்ரோக் டாப் எண்ட் வேலை, அதாவது இன்ஜினின் மேல்பாதியான சிலிண்டர், பிஸ்டன், ரிங் வேலை, மனப்பாடம். பிளாக்கைக் கழற்று, லேத்துக்குக் கொண்டுபோ, 25 சைஸோ 50 சைஸோ (0.25, 0.50 மி.மீ.) போர் போடு, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கு, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனை மாட்டு. சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு உறை (லைனர்) உள்ள இன்ஜினுக்கு அதுதான் சரியான வழி. யமஹாவின் மோட்டோகிராஸ் வண்டியான ஒய்இசட் 125-இல் இதையே செய்தால் சிலிண்டர் கெட்டுவிடும்.

அந்த சிலிண்டரில் லைனரே கிடையாது. அலுமினியத்தின் மேல் நேரடியாக நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. நிக்கசில் என்ற பெயரில் ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-இல் கொண்டுவந்த நுட்பத்தின் வழிவந்தது இது. முதலில் வாங்கெல் ரோட்டரி இன்ஜினுக்காகச் செய்தார்கள். பூச்சின் கனம் 0.1 மி.மீ. கூட இருக்காது. விட்டத்தில் 0.25 மி.மீ. போர் போட்டால் பக்கத்துக்கு 0.125 மி.மீ. போய்விடும். அப்புறம் மிஞ்சுவது வெறும் அலுமினியம், அதில் பிஸ்டன் ஓடாது. கடையில் ஒய்இசட்டுக்கு 25, 50 என்று பிஸ்டனும் பொதுவாகக் கிடைக்காது. ஏ, பி, சி என்று மி.மீ.யில் நூறில் ஒரு பங்கு அளவே வித்தியாசப்படும் 54 மி.மீ. பிஸ்டன்கள்தான் வரும்.

வார்த்தெடுத்த காஸ்ட் பிஸ்டனா, அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டனா என்றுதான் ஆட்கள் மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம் கேள்வி. பணமும் ஆயுளும் சிலிண்டர் துளையில், அதாவது போரில்தான் இருக்கின்றன.

சிலிண்டரைத் தூக்கியதும் கிராங்கைப் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பாருங்கள். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? தெரிந்தால் டாப் எண்ட் ஒப்பீட்டை மூடி வைத்துவிட்டு கிராங்க் வேலைக்குப் பணம் சேருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

அடுத்தது போர். ஹோனிங் கோடுகள் (துளைச் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்கியதன் தடங்கள்) தெரிந்து, நகம் எங்கும் மாட்டாமல், போர் கேஜில் அளவும் மேனுவல் சொல்லும் எல்லைக்குள் இருந்தால் அதிர்ஷ்டம்தான். பிஸ்டன், ரிங், பின், சர்க்லிப், கேஸ்கெட் மாற்றினால் போதும். சீஸ் ஆன (பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்ட) சிலிண்டரைப் பார்த்ததும் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். கோடு கோடாகத் தெரிவது பல நேரம் கீறல் அல்ல, பிஸ்டனிலிருந்து ஒட்டிக்கொண்ட அலுமினியம். மியூரியாடிக் அமிலத்தை (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினால் நுரைத்துக் கரையும். பூச்சை அது தொடாது. ஒட்டியது போன பிறகும் ஒரே இடத்தில் நுரை வந்துகொண்டே இருந்தால், பூச்சு போய் அமிலம் சிலிண்டரையே தின்கிறது என்று பொருள். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவி நிறுத்துங்கள். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பூச்சு போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் உண்மையான போட்டி. ரீபிளேட்டிங்கில் பழைய பூச்சை முழுக்க எடுத்து, பள்ளம் இருந்தால் வெல்டிங்கில் நிரப்பி, புதிதாகப் பூசி, வைரக் கற்களால் ஹோன் செய்து கொடுப்பார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சினின் மில்லேனியம் டெக்னாலஜிஸ், யுஎஸ் குரோம் ஆகியவை இதில் பேர்பெற்றவை. பிஸ்டனையும் சேர்த்தே அனுப்புவது நல்லது. அந்த பிஸ்டனை அளந்து, அதற்கு வேண்டிய கிளியரன்ஸ் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி) வைத்து ஹோன் செய்வார்கள் என்பதால் ஏ, பி, சி குழப்பமே இருக்காது. யமஹாவின் போர்ட் அமைப்பும் (வாயு போகவர சிலிண்டர் சுவரில் உள்ள ஜன்னல்கள்) அப்படியே தங்கும். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பவருக்கு நான் யோசிக்காமல் சொல்வது இதைத்தான்.

இந்தியாவில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. இறக்குமதி செய்த வண்டியின் சிலிண்டரை மறுபடி கடல் தாண்டி அனுப்பி, போகவர சரக்குக் கட்டணமும் திரும்பும்போது சுங்கமும் கட்டினால், ரீபிளேட்டிங்கின் விலை அனுகூலம் கரைந்துவிடும். அங்கே புது சிலிண்டர் முன்னுக்கு வருகிறது. யமஹாவின் அசல் சிலிண்டர் விலை கூடியது, ஆனால் அதில் கேள்வி எதுவும் இல்லை. அதெனா, சிலிண்டர் ஒர்க்ஸ் போன்றவர்கள் பிஸ்டனும் கேஸ்கெட்டும் சேர்த்துக் கிட்டாகவே தருகிறார்கள். வெளியார் சிலிண்டர் வாங்கினால் போர்ட் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும்.

ஸ்லீவ் அடிப்பதுதான் நம் மெக்கானிக்குகளுக்குப் பிடித்த யோசனை. சிலிண்டரைக் கடைந்து வார்ப்பிரும்பு ஸ்லீவை இறக்கிவிட்டால் லேத் கடையிலேயே முடிந்துவிடும் என்ற எண்ணம். முடியும்தான். ஆனால் இரும்பு அலுமினியம் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது, விரிவதும் அதைவிடக் குறைவு. ஸ்லீவ் இறுக்கமாக உட்காராவிட்டால் இரண்டுக்கும் நடுவே வெப்பம் தேங்கும். அதிக ஆர்பிஎம்மில் சுற்றும் 125-க்கு அது ஆகாது. இன்னொரு தொல்லை, ஸ்லீவில் உள்ள ஜன்னல்களை டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளோடு அச்சுப் பிசகாமல் பொருத்தி, விளிம்பு மழித்து எடுக்க வேண்டும். அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். சிலிண்டரே கிடைக்காத பழைய வண்டிகளுக்கு ஸ்லீவ் வரப்பிரசாதம். ஒய்இசட் 125-க்கு உதிரிபாகம் இன்னும் தாராளமாக வரும்போது நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

எப்படியும் சிலிண்டருக்குச் செலவு செய்கிறோமே, பெரிதாக்கிவிடலாமா என்ற சபலமும் வரும். 54 மி.மீ. போரை 58 ஆக்கினால், 54.5 மி.மீ. ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 144 சி.சி. வருகிறது. கொஞ்சம் உடம்பு உள்ளவருக்கும், மேடு ஏறும்போது கிளட்சை நசுக்கி நசுக்கி அலுத்தவருக்கும் இந்த வித்தியாசம் முதல் திருப்பத்திலேயே தெரியும். அதோடு ஹெட்டை மாற்றவோ கடையவோ வேண்டும், எக்ஸாஸ்ட் போர்ட்டின் உயரத்தை மாற்றும் பவர் வால்வு பிஸ்டனில் இடிக்காதபடி திருத்த வேண்டும், கார்புரேட்டரின் எரிபொருள் அளவை முடிவு செய்யும் ஜெட்டிங்கும் புதிதாகப் பார்க்க வேண்டும். 125 வகுப்பில் பந்தயம் ஓடுபவர் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும்.

சரி, இப்போது பிஸ்டன். காஸ்ட் பிஸ்டனில் சிலிக்கான் அதிகம், சூட்டில் குறைவாக விரியும். அதனால் சுமார் 0.04 முதல் 0.05 மி.மீ. வரையான நெருக்கமான கிளியரன்ஸில் ஓடும், குளிரில் சத்தம் போடாது. உடைந்தால்தான் வில்லங்கம். பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட் துண்டு துண்டாகி கிராங்க் கேஸுக்குள் விழும். வைஸ்கோ, வோஸ்னர் போன்றவர்களின் ஃபோர்ஜ்டு பிஸ்டன் அடி தாங்கும், சட்டென்று நொறுங்காது. ஆனால் சூட்டில் அதிகம் விரியும், எனவே கிளியரன்ஸ் கூடுதலாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினை உதைத்து உடனே த்ராட்டிலை முறுக்கினால், சிலிண்டர் சூடாகும் முன்பே பிஸ்டன் விரிந்து நான்கு மூலையிலும் பிடித்துக்கொள்ளும். ஆகவே பொறுமையாகச் சூடேற்றும் ஆளுக்கு எது போட்டாலும் சரி. நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள் என்று உதைத்த கையோடு பறப்பவர், காஸ்ட் போட்டு நேரத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பதே மேல். எக்ஸாஸ்ட் போர்ட்டின் நடுவே பாலம் உள்ள சிலிண்டர் என்றால், பிஸ்டனோடு வரும் தாளில் அந்தப் பாலத்துக்கு எண்ணெய் போக எங்கே துளை போடச் சொல்கிறது என்று படியுங்கள். பலர் அந்தத் தாளைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், பூட்டியபின் உதைப்பதற்கு முன் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, பிரஷர் கேஜின் முள் இறங்குகிறதா என்று சில நிமிடம் பாருங்கள். பழைய பிஸ்டன் சீஸ் ஆனதற்குக் கிராங்க் சீல் வழியே உள்ளே போன காற்று காரணமாக இருந்தால், புது சிலிண்டரும் அதே வழியில்தான் போகும்.