ஈஆர், பிஆர் பரிசோதனை: ஊசித் துணுக்கிலா, ஆபரேஷன் கட்டியிலா?

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியானதும் மருத்துவர் எங்கள் முன் வைத்த கேள்வி இது. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன்), பிஆர் (புரொஜெஸ்டிரோன்) என்ற ஹார்மோன் ரிசெப்டர்கள் புற்றுநோய் செல்லில் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனையை ஊசி பயாப்ஸியில் எடுத்த துணுக்கிலேயே இப்போது செய்துவிடலாமா, இல்லை ஆபரேஷனில் முழுக் கட்டியையும் எடுத்த பிறகு செய்யலாமா? நாங்கள் ஊசித் துணுக்கு போதும் என்றோம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முழுக் கட்டியில் திசு நிறையக் கிடைக்கும், கட்டி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பதும் நியாயம்தான். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே கீமோ என்றால் யோசிக்கவே வேண்டாம், ஊசித் துணுக்கில்தான் செய்ய வேண்டும், கட்டி கரைந்தே போய்விட்டால் அப்புறம் எதை வைத்துச் சோதிப்பது?

என்னை ஒரு பக்கம் சாய வைத்தது ஃபார்மலின், அதாவது எடுத்த திசு கெடாமல் காக்கும் திரவம். இந்தப் பரிசோதனை செல்லுக்குள் இருக்கும் ரிசெப்டர் என்ற புரதத்தை நிறமேற்றிப் பார்ப்பது, அந்தப் புரதமோ திசுவுக்கு ரத்த ஓட்டம் நின்றதுமே கெட ஆரம்பித்துவிடும். அதனால்தான் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் ஊற வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஊசித் துணுக்கு மெல்லிசு, எடுத்த கையோடு பாட்டிலில் போட்டுவிடுவார்கள், சீக்கிரமே உள்ளே வரை ஊறிவிடும். முழு மார்பகத்தை எடுத்தால் கதை வேறு. ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் இறங்கும், யாராவது உடனே கட்டியைக் கீறி வைக்காவிட்டால் நடுப்பகுதிக்கு அது போய்ச் சேரும் முன்பே காலம் கடந்துவிடும். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவருக்கு ஆபரேஷன் கட்டியில் செய்து நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது, சந்தேகப்பட்டுப் பழைய ஊசி பயாப்ஸி பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்திருந்த துணுக்கில்) திரும்பச் செய்தபோது ஈஆர் பாசிட்டிவ். நடுவில் போன வாரங்களை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

பாசிட்டிவா நெகட்டிவா என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஹார்மோன் மாத்திரை கிடைக்கிறதா இல்லையா என்பதே முடிவாகிறது. ஈஆர் பாசிட்டிவ் உள்ளவர்கள் 5 வருடம் டாமாக்ஸிஃபென் எடுத்தால் இந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. புற்றுநோய் செல்களில் 1 சதவீதத்தில் நிறம் ஏறினாலே பாசிட்டிவ்தான், 1 முதல் 10 வரை என்றால் குறைந்த பாசிட்டிவ் என்று தனியாகக் குறிப்பிடுவார்கள்.

அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு சின்னக் கட்டி, முதல் சோதனையிலேயே பாசிட்டிவ். பல கட்டிகள் உள்ளவர்கள் எங்கள் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊசித் துணுக்கில் நெகட்டிவ் வந்தாலும் அத்தோடு விடாதீர்கள். சோதனை சரியாக நடந்திருந்தால் நிறம் ஏற வேண்டிய, பக்கத்தில் இருந்த சாதாரணப் பால்குழாய் செல்களில் நிறம் ஏறியதா என்று நோயியல் மருத்துவரிடம் கேளுங்கள். ஏறவில்லை என்றாலோ, துணுக்கில் அந்தச் செல்களே இல்லை என்றாலோ, ஆபரேஷன் கட்டியில் மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதை எத்தனை மணிக்கு ஃபார்மலினில் போட்டார்கள் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.