ஷே இன்ஜினுக்கு கியர் வெட்டித் தந்த கணபதிப் பட்டறை

மூன்றரை அங்குல அகலத் தண்டவாளப் பாதைக்கான ஷே வகைச் சிறு நீராவி இன்ஜினை வீட்டில் கட்டிவரும் நான், கோவை கணபதியில் உள்ள ஒரு சிறு கியர் பட்டறையின் வேலையைப் பற்றி நிறைவோடு எழுதுகிறேன்.

எப்ரைம் ஷே 1881-இல் காப்புரிமை பெற்ற இவ்வகையில், வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும் சிலிண்டர்கள் நீளவாட்டுத் தண்டைச் சுழற்ற, அதிலுள்ள பெவல் கியர்கள் (சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பும் கூம்பு வடிவப் பல்சக்கரங்கள்) எல்லா அச்சுகளையும் இயக்குகின்றன. (நம் ஊட்டி மலை ரயிலில் பல்தண்டவாளம் உண்டு, ஷேயில் சக்கரத்தின் உராய்வு மட்டுமே பிடிப்பு.) வளைவில் போகி (இன்ஜினுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) திரும்பும்போது தண்டின் கோணமும் நீளமும் மாறுவதற்கான யுனிவர்சல் ஜாயின்ட்டுகளையும் வழுக்கு இணைப்புகளையும் நானே செய்துகொண்டேன்; ஆனால் உள்நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் பெவல் பல்லை என் கருவிகளால் சரியாக வெட்ட இயலவில்லை.

எட்டே கியர்தான் என்றபோதும் பட்டறைக்காரர் தயங்கவில்லை. முதல் ஜோடியில் நீல மை தடவிச் சுழற்றி, பல் பதியும் இடத்தை எனக்குக் காட்டிய பிறகே மற்றவற்றை வெட்டினார். "சத்தம் வந்தா திருப்பிக் கொண்டாங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார். சொன்ன நாளுக்குப் பத்து நாள் தாமதமானது மட்டுமே குறை. கம்ப்ரசர் காற்றில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு அச்சுகளும் இரைச்சலின்றிச் சீராகச் சுழன்றன.